சுவைக்குத் தடை, புகைக்கு உரிமம்

ஜோலார்பேட்டையில் தொடர்வண்டி ஏறிப் பங்காருபேட்டையில் இறங்குபவர் இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று மாநிலங்களைத் தொட்டுவிடுகிறார். பச்சூர் தமிழ்நாட்டில் உள்ளது, குப்பம் ஆந்திரத்தில், பங்காருபேட்டை கர்நாடகத்தில். குப்பத்தின் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேச்சுக்குள் கலந்து புழங்குவதுபோலவே மூன்று மாநிலங்களின் சரக்கும் கலந்து புழங்குகிறது. ஓரிடத்தில் விற்கத் தடையுள்ள பொட்டலம் அரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் கடை வாசலில் சரமாகத் தொங்குகிறது. ஒரு சுவையை மாநில எல்லையில் தடுத்து நிறுத்திவிட முடியும் என்னும் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் அரிது.

அந்த நம்பிக்கை இன்று உலகின் பல இடங்களில் சட்டமாகிக்கொண்டிருக்கிறது. பழம், புதினா, இனிப்பு ஆகிய சுவைகளில் வரும் மின்சிகரெட்டுகளை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் 2019ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. கலிபோர்னியா 2022இல் பின்தொடர்ந்தது. இந்தியா ஒருபடி மேலே சென்றது. 2016இல் கர்நாடகமும் 2018இல் தமிழ்நாடும் தத்தம் எல்லைக்குள் மின்சிகரெட்டைத் தடுத்தன. 2019 செப்டம்பர் 18 அன்று நடுவண் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. அச்சட்டத்தின் வரையறை கருதத்தக்கது. நிகோடினும் சுவையும் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியாக மாற்றும் மின்கருவி எதுவாயினும் அது குற்றப்பொருள். முதன்முறை விற்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும். மீண்டும் விற்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை தண்டமும். இதுவும் போதாது, மாநிலங்கள் தம் பங்குக்குக் கூடுதல் விதிகளை இயற்ற வேண்டும், பயன்படுத்துபவரையும் தண்டிக்க வேண்டும் என்னும் குரல்கள் இப்போது எழுகின்றன. கல்வி வளாகங்களிலிருந்தே அவை மிகுதியாக எழுவதால், கல்வித்துறையினர் இதைச் சற்று நின்று எண்ணிப்பார்ப்பது தகும்.

மின்சிகரெட் தீங்கற்றது என்று யாரும் வாதிடத் தேவையில்லை. நிகோடின் அடிமையாக்கும் பொருள். வளரும் மூளைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் கேடு செய்வது. நீண்டகால விளைவுகளை அறிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். வினா வேறொன்று. எரிந்து புகைவதால் ஆளைக் கொல்லும் பொருளைத் தெருத்தோறும் உரிமையோடு விற்க விட்டு, எரியாததால் அதைவிடத் தீங்கு குறைந்த பொருளைச் சிறைக்குரிய குற்றமாக்குவது எந்த மருத்துவ அறத்தில் சேரும்?

2016–17ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பதினைந்து வயதைக் கடந்தவர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். ஏறத்தாழ 26.7 கோடிப் பேர். மெல்லும் புகையிலை 21.4 விழுக்காடு, பீடி 7.7, சிகரெட் 4. மின்சிகரெட்டைப் பயன்படுத்தியோர் அதே கணக்கெடுப்பில் 0.02 விழுக்காடு மட்டுமே. பரவுமுன் தடுப்பதே நோக்கம் என்றது அரசு. அந்த நோக்கத்தில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் 26.7 கோடிப் பேர் ஏற்கெனவே வீழ்ந்து கிடக்கும் குழிக்கு வேலி இல்லை. இனி வெட்டப்படக்கூடிய சிறு பள்ளத்துக்கே முள்வேலி போடப்பட்டது.

சுவையூட்டிகளுக்கு எதிரான வாதத்துக்கு வருவோம். அதன் வலுவான வடிவம் இது: மாம்பழமும் தர்ப்பூசணியும் மணக்கும் கருவி சிறுவரை ஈர்க்கவே செய்யப்படுகிறது, சுவையை எடுத்துவிட்டால் ஈர்ப்பு போய்விடும். முதற்பாதி பெரிதும் உண்மை. அமெரிக்காவில் ஜூல் போன்ற நிறுவனங்கள் இளையோரை எவ்வாறு வளைத்தன என்பது பதிவாகியுள்ள வரலாறு. இரண்டாம் பாதிதான் ஐயத்துக்குரியது. சுவை சிறுவரை மட்டும் ஈர்ப்பதில்லை. இருபது ஆண்டுகளாகப் புகைத்து நாக்கு மரத்துப்போன ஒருவர் சிகரெட்டை விட முயலும்போது, அந்தப் பழைய சுவையிலிருந்து விலகிச் செல்லவே விரும்புகிறார். இங்கிலாந்தில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் கணிப்புகளில், மின்சிகரெட்டுக்கு மாறிய வயதுவந்தோர் பெரும்பாலும் தேர்வது பழச்சுவையையே. 2019இல் வெளிவந்த ஆங்கில மருத்துவ ஆய்வொன்றில் புகைப்பதை விட விரும்பிய 886 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒட்டுப்பட்டை, மெல்லுகோந்து போன்ற நிகோடின் மாற்றுகளைப் பெற்றோரில் ஓராண்டுக்குப்பின் புகையை விட்டிருந்தவர் 9.9 விழுக்காடு, மின்சிகரெட் பெற்றோரில் 18 விழுக்காடு. பின்னவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு குப்பி மட்டுமே தரப்பட்டது. அதன்பின் தமக்கு விருப்பமான சுவையையும் அடர்வையும் தாமே வாங்கிக்கொள்ளுமாறு கூறப்பட்டது. புகையை விட்ட அவர்களுள் ஐவரில் நால்வர் ஓராண்டு கழித்தும் மின்சிகரெட்டை விடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது இந்த முறையின் குறை. எனினும் காக்ரேன் தொகுப்பாய்வு 2022 முதல் இம்முடிவை உயர்ந்த உறுதித்தன்மை உடையதாகவே வகைப்படுத்துகிறது.

இந்திய அரசுக்கும் இது தெரியாததன்று. மருந்துக்கடையில் மருத்துவச் சீட்டின்றி வாங்கக்கூடிய நிகோடின் மெல்லுகோந்து புதினாச் சுவையிலும் பான் சுவையிலும் கிடைக்கிறது. புகையிலையை விட விரும்புபவருக்குச் சுவை உதவும் என்று ஒரு துறை ஏற்றுக்கொண்டதையே, சுவை என்றாலே சூழ்ச்சி என்று மற்றொரு துறை விலக்குகிறது.

இனி, இந்த மண்ணிலேயே நடந்து முடிந்த ஒரு சோதனையைப் பார்க்கலாம். அமெரிக்கச் சான்றுகளைத் தேடி ஓடுமுன் குட்காவின் கதையை நம் ஆய்வாளர்கள் படிக்க வேண்டும். சுவைத் தடையின் முழு வரலாறும் அதில் இருக்கிறது.

குட்கா என்பது சுவையூட்டப்பட்ட புகையிலை. பாக்கு, சுண்ணாம்பு, ஏலம், இனிப்பு, வாசனைத் திரவியம் ஆகியவற்றோடு புகையிலையைக் கலந்து சிறு பொட்டலமாக்கியது. 2011இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 2.3.4ஆம் விதி, எந்த உணவுப்பொருளிலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கப்படக் கூடாது என்றது. அதைப் பற்றிக்கொண்டு 2012இல் மத்தியப் பிரதேசம் முதலில் தடை விதித்தது. 2013ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் அவ்வழியே சென்றன. நிறுவனங்கள் என்ன செய்தன? பொட்டலத்தை இரண்டாக்கின. சுவையும் வாசனையும் உள்ள பான் மசாலா ஒரு பொட்டலம். வெறும் புகையிலை மற்றொரு பொட்டலம். இரண்டும் அருகருகே தொங்கின. வாங்குபவர் உள்ளங்கையில் கலந்துகொண்டார். சட்டம் பிரித்ததைக் கட்டைவிரல் சேர்த்தது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே இந்த இரட்டைப் பொட்டல உத்தியைச் சுட்டிக்காட்டித் தடையை முறையாகச் செயல்படுத்துமாறு மாநிலங்களுக்கு ஆணையிட நேர்ந்தது. (ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் மெந்தால் சிகரெட்டைத் தடுத்தபோது, சிகரெட் பெட்டிக்குள் செருகிவைக்கும் மெந்தால் அட்டைகள் தனியே விற்பனைக்கு வந்தன. வணிகத்தின் மூளை எங்கும் ஒன்றுபோலவே வேலை செய்கிறது.)

தமிழ்நாட்டின் தடை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேற்படாத அவசரக்கால அதிகாரத்தை ஆண்டுதோறும் நீட்டித்து நிரந்தரத் தடையாக்க உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு உரிமையில்லை என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை நீக்கியது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. இதற்கிடையே, தடை நடப்பில் இருந்த காலத்திலேயே, 2016இல் ஒரு குட்கா உற்பத்தியாளரிடம் வருமான வரித்துறை கைப்பற்றிய குறிப்புகளில் அதிகாரிகளுக்கும் அமைச்சருக்கும் கொடுக்கப்பட்டதாக எழுதப்பட்டிருந்த தொகைகள் வெளியாகி, வழக்கு 2018இல் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. குற்றச்சாட்டுகளை நீதிமன்றம்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் தடைசெய்யப்பட்ட பொருளின் விலைக்குள் இலஞ்சமும் ஒரு செலவினமாக ஏறிக்கொள்ளும் என்பதை அறிய தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்விட எண்ணத்தக்கது 'கூல் லிப்'. புதினா மணத்தோடு உதட்டின் உட்புறத்தில் ஒதுக்கிக்கொள்ளும் சிறு புகையிலைப் பை அது. தமிழ்நாட்டில் தடை, மெல்லும் புகையிலைக்கு முழுத் தடையில்லாத மாநிலங்களில் தாராளம். 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவர்கள் இதற்கு அடிமையாகி வருவதைக் கண்டு, நாடு முழுவதும் இதை ஏன் தடை செய்யக் கூடாது என்று வினவியது. நீதிமன்றத்தின் கவலை முற்றிலும் உண்மையானது. ஆனால் அந்த வினாவுக்குள் பதிந்திருக்கும் உண்மையையும் படிக்க வேண்டும்: பத்தாண்டுக்கு மேலாகத் தடை உள்ள மாநிலத்தில்தான் மாணவர் பைகளில் அது கண்டெடுக்கப்படுகிறது. உரிமம் பெற்ற கடைக்காரர் வயதைக் கேட்க வாய்ப்புண்டு. புத்தகப் பையிலிருந்து புத்தகப் பைக்குக் கைமாறும் சரக்கில் வயதைக் கேட்பவர் யார்?

'நாடு முழுவதும் தடை' என்பதே விடை என்று கருதுவோருக்கு மின்சிகரெட்டே மறுமொழி. அதற்கு 2019 முதல் நாடு முழுவதும் தடைதான். ஆயினும் பெங்களூரிலும் சென்னையிலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகள் எளிதாகவே கிடைக்கின்றன. 2025 டிசம்பரில் மக்களவைக்குள்ளேயே ஓர் உறுப்பினர் மின்சிகரெட் பயன்படுத்துவதாக மற்றோர் உறுப்பினர் அவைத்தலைவரிடம் புகார் கூறினார். அப்புகார் மெய்யோ பொய்யோ, சட்டம் இயற்றப்பட்ட அவையிலேயே அப்படியொரு புகாரை எழுப்ப முடிந்தது என்பது அச்சட்டத்தின் நிலையைக் காட்டுகிறது.

கள்ளச்சந்தைப் பொருளில் என்ன இருக்கிறது என்பதைச் சோதிப்பவர் இல்லை. நிகோடின் எவ்வளவு, எந்தக் கரைப்பான், எந்த வேதிப்பொருள் என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டியதுதான். 2019இல் அமெரிக்காவில் நுரையீரல் பாதிப்பால் 2,800க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு 68 பேர் இறந்தனர். இந்தியாவின் அவசரச் சட்டம் வந்தபோது செய்திகளை நிறைத்திருந்தவை இந்த மரணங்களே. பின்னர் நடந்த ஆய்வு, சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்பட்ட கஞ்சாக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் இ அசிட்டேட்டையே முதன்மைக் காரணியாகக் காட்டியது. மேற்பார்வையற்ற சந்தை விளைத்த மரணங்கள், சந்தையை மேற்பார்வைக்கு வெளியே தள்ளுவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன.

மதுவின் கதை இப்பகுதியினருக்கு நினைவூட்டப்பட வேண்டியதில்லை. நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு 1993இல் சாராயத் தடையாகவும், 1995இல் முழு மதுவிலக்காகவும் விரிந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது. தளர்த்திய முதலமைச்சர் குப்பம் தொகுதியின் உறுப்பினரே. 2019க்குப்பின் அரசே கடைகளை நடத்தி, 2020 மே மாதத்தில் விலையை 75 விழுக்காடு உயர்த்தியபோது, சித்தூர் மாவட்டத்துக்குள் கர்நாடகத்தின் டெட்ரா பாக்கெட் மது வந்து குவிந்தது. 2024 அக்டோபரில் தனியார் கடைகள் திரும்பின. பெண்களின் போராட்டம் பொய்யென்று இதனால் ஆகாது. எல்லைக்கு அப்பால் சட்டப்படி கிடைக்கும் பொருளை எல்லைக்கு இப்பால் விலையாலும் விதியாலும் ஒழிக்க இயலாது என்பதை மட்டும் இது காட்டுகிறது.

அயல்நாட்டுச் சான்றுகள் சிலவே போதும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் வேப்புகளை மருந்தகங்களுக்குள் முடக்கியது. சுவைகளைப் புதினா, மெந்தால், புகையிலை என மூன்றாகக் குறுக்கியது. அங்கே சிகரெட்டின் வரியும் மிகக் கடுமை. இரண்டும் சேர்ந்து வளர்த்த கள்ளச்சந்தையின் போட்டியில் விக்டோரியா மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தீவைப்புகள் நிகழ்ந்துள்ளன. சான் பிரான்சிஸ்கோ நகரின் சுவைத் தடைக்குப்பின் உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே சிகரெட் புகைத்தல் பிற இடங்களோடு ஒப்பிட அதிகரித்ததாக 2021இல் ஓர் ஆய்வு கூறியது. அதன் தரவு திரட்டப்பட்ட காலம் குறித்து மறுப்புகள் எழுந்துள்ளதால் அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. நியூசிலாந்து வேறு வழி சென்றது. 2020இல் திருத்திய சட்டப்படி, பொதுக்கடைகளில் மூன்று சுவைகள் மட்டும். ஏனையவை பதினெட்டு வயது நிரம்பியோர் மட்டும் நுழையக்கூடிய தனிக்கடைகளில். 2011–12இல் 16.4 விழுக்காடாக இருந்த அன்றாடப் புகைப்போர் 2022–23இல் 6.8 ஆயினர். இக்குறைவு முழுவதும் வேப்பினால் வந்ததென்று கூற முடியாது. இளையோரிடையே வேப் பரவியதும் உண்மை, அதற்காக அந்நாடு பின்னர் விதிகளை இறுக்கியதும் உண்மை. இறுக்குவதற்கு ஒரு பிடி அரசின் கையில் இருந்தது என்பதே இங்கே கருதத்தக்கது. முழுத் தடை விதித்த அரசுக்கு அந்தப் பிடி இல்லை. சோதனையிட்டுப் பறிமுதல் செய்வதொன்றே மீதி.

இந்திய அரசின் அக்கறையை அளக்க அதன் கணக்கேட்டைப் பார்ப்பது நலம். புகையிலை வாரியச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. வாரியத்தின் தலைமையகம் ஆந்திரத்துக் குண்டூரில் இன்றும் இயங்குகிறது. 2025இல் பர்லி புகையிலையின் விலை சரிந்தபோது ஆந்திர அரசு மார்க்ஃபெட் வழியாகத் தானே கொள்முதலில் இறங்கியது. உழவர் நலன் கருதிய செயல், குறை காண்பதற்கில்லை. நாட்டின் மிகப்பெரிய சிகரெட் நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் அரசு சார்ந்த நிதியமைப்பிடமும் உள்ளது. 2019 செப்டம்பர் 18 அன்று சிகரெட் நிறுவனங்களின் பங்குவிலை ஏறியதும் பதிவில் உள்ளது. 2025 செப்டம்பரில் சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் சிகரெட்டுக்கும் குட்காவுக்கும் 40 விழுக்காட்டை அறிவித்த அதே கூட்டத்தில் பீடிக்கான வரியை 28இலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களின் கூலியை நினைத்தால் அம்முடிவுக்கு ஓர் இரக்கக் காரணம் கிடைக்கலாம். நாட்டில் மிக அதிகம் புகைக்கப்படும் பொருளை மலிவாக்கும் அரசு, பழமணம் வீசும் ஆவியைக் கண்டு மக்கள் நலம் பேசுவதை அந்த இரக்கம் விளக்கிவிடாது. சதி என்று இதை அழைக்கத் தேவையில்லை. வாக்கும் வருவாயும் வேலைவாய்ப்பும் உள்ள நஞ்சுக்குச் சலுகை; அவை எதுவும் இல்லாத நஞ்சுக்குச் சிறை.

பீடி புகைக்கும் கட்டடத் தொழிலாளிக்கு ஆயிரம் ரூபாய்க் கருவியால் என்ன பயன் என்று ஒரு மறுப்பு எழலாம். இன்றைய விலையில் பயனில்லை. ஆனால் விலை குறைவதற்கும் தரம் வரையறுக்கப்படுவதற்கும் சட்டப்படியான சந்தையாவது வேண்டும். தடை அந்த வாயிலையே அடைத்துவிட்டது. கள்ளச்சந்தை விலையைக் குறைத்தாலும் அதைச் சிறுவருக்காகவே குறைக்கும்.

மாநிலங்கள் புதிய தடைகளை அடுக்குவதைவிட, கையில் ஏற்கெனவே உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தட்டும். 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும், கல்வி நிறுவனங்களைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. அது எத்தனை கல்லூரி வாசல்களில் நடப்பில் உள்ளது என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு மாலை நடையில் கண்டறியலாம். புகையிலை விற்பனைக்குத் தனி உரிமம், சிறுவருக்கு விற்றால் அவ்வுரிமம் பறிப்பு, சில்லறையாக ஒற்றைச் சிகரெட் விற்பதற்கு முடிவு: இவற்றுக்கு மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் போதும். நாடாளுமன்றம் தன் பங்குக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுத் தடையை நீக்கி, நிகோடின் அளவுக்கு உச்சவரம்பும், உட்பொருள் சோதனையும், கேலிச்சித்திர உறைகளுக்கும் விளம்பரத்துக்கும் தடையும், சுவைகள் வயதுவந்தோர் தனிக்கடைகளில் மட்டும் என்னும் விதியும் கொண்ட ஒழுங்குமுறையை வைக்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையைப் பிரிட்டன் 2025 ஜூனில் நிறுத்தியதுபோல் இங்கும் நிறுத்துவதில் தவறில்லை. அதன் மலிவும் மின்கலக் குப்பையும் தனிச் சிக்கல்கள். விதிகள் நாடு முழுமைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் பச்சூரில் ஒன்று, குப்பத்தில் ஒன்று, பங்காருபேட்டையில் ஒன்று என்று கடத்துபவருக்கே அவை வழிகாட்டியாகும். அதுவரை, பயன்படுத்தும் மாணவரைத் தண்டிக்கக் கோரும் தீர்மானங்களில் கையெழுத்திடுமுன், வளாகத்தின் சுற்றுச்சுவரிலிருந்து நூறு கெஜத்தை ஒருவர் அளந்து பார்க்கட்டும்.